ரெண்டாவது கியர் ஏன் விழுந்தது? ஒரு பழைய புல்லட்டின் கியர் பாக்ஸ் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மார்ச் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கத்திப்பாரா மேம்பாலத்துல ஏறிக்கிட்டிருந்தேன். வண்டி, 1981 மாடல் புல்லட். பின்னாடி அம்மா. ரெண்டாவது கியர். திடீர்னு கீழே 'டக்'னு ஒரு சத்தம். அடுத்த நொடி எஞ்சின் அலறுது, ஆனா வண்டிக்கு இழுவை இல்லை. கியர் தானாவே கழண்டு விழுந்துடுச்சு.

பதற்றத்துல வலது காலை ஓங்கி மிதிச்சேன். நான் பழகின வண்டியில எல்லாம் வலது கால்ல பிரேக் இருக்கும். இந்த வண்டியில வலது கால்ல இருக்கிறது கியர். பிரேக் இடது பக்கம். நான் மிதிச்சது மூணாவது கியரைப் போட்டுடுச்சு. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி முன்னாடி எகிறி, அப்படியே ஆஃப் ஆயிடுச்சு. முன்னாடி இருந்த காருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இடைவெளி. பின்னாடி வந்த பஸ் டிரைவர் பிரேக் அடிச்சு நிறுத்தினதாலதான் இப்போ மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

அம்மா எதுவும் சொல்லலை. இறங்கி ஓரமா நின்னு, "உங்க மாமா ஓட்டுறப்போ இப்படி ஆனதே இல்லையேடா"ன்னு மட்டும் சொன்னாங்க.

அந்த வண்டி என் மாமாவுடையது. அவர் 2019ல காலமானார். "வித்துடாதப்பா, நீயே வச்சுக்கோ"ன்னு சொல்லி அத்தை சாவியை என்கிட்ட குடுத்தாங்க. நாலு வருஷம் ஓரமா நின்னுச்சு. அப்புறம் ஒரு ரெஸ்டோரேஷன் ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பேர் வேண்டாம். கியர் பாக்ஸ் ஓவர்ஹால், கிளட்ச், எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். வண்டி கண்ணாடி மாதிரி பளபளன்னு வந்துச்சு. வெறும் இரண்டு வாரம். அதுக்குள்ள கத்திப்பாரா.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டப்போ வந்த பதில்: "பழைய வண்டின்னா அப்படித்தான் ப்ரோ. ஃபீல் பண்ணி ஓட்டணும்."

இந்தப் பதில்தான் இந்த எபிசோடுக்குக் காரணம். பழைய வண்டின்னா அப்படித்தானா? நாற்பது வருஷம் ஒரு மனுஷனைத் தினமும் வேலைக்குக் கூட்டிட்டுப் போன வண்டி, பொறந்ததுல இருந்தே இப்படித்தான் இருந்துச்சா?

பெட்டி எங்கிருந்து வந்தது

என்ஃபீல்டுங்கிற பேர் துப்பாக்கியில இருந்து வந்தது. இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கிற ஊர்ல அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதுக்கு உதிரிபாகம் செஞ்சு குடுத்த ஒரு சைக்கிள் கம்பெனி, அந்தப் பேரையே தனக்கும் வச்சுக்கிட்டது. கம்பெனி இருந்த ஊர் ரெடிட்ச். 1901ல முதல் மோட்டார் சைக்கிள். 1932ல 'புல்லட்'ங்கிற பேர் வருது. நாம இன்னிக்குப் புல்லட்னு அடையாளம் காணுற வடிவம், பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் சஸ்பென்ஷனோட, 1940களின் கடைசியில வருது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் பலவும் கியர் பாக்ஸைத் தாங்களே செய்யலை. அதுக்குன்னே தனிக் கம்பெனிகள் இருந்தன. புல்லட்டோட நாலு கியர் பெட்டி, பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்பியன் கம்பெனியோட வடிவமைப்பு. அதனாலதான் பழைய புல்லட்ல எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. எஞ்சினுக்குப் பின்னாடி போல்ட் போட்டு இறுக்கியிருப்பாங்க. நடுவுல ஒரு செயின். எஞ்சினைத் தொடாமலே கியர் பாக்ஸைத் திறக்கலாம். இது பெரிய வசதி. தெரிஞ்ச கை, தெரியாத கை, ரெண்டுக்குமே வசதி.

உள்ள என்ன நடக்குது? ரொம்பச் சுருக்கமா சொல்றேன். ரெண்டு தண்டு. மெயின் ஷாஃப்ட், லே ஷாஃப்ட். அதுமேல பல்சக்கரங்கள். இந்தச் சக்கரங்களோட பற்கள் எப்பவுமே ஒண்ணோட ஒண்ணு கோத்துத்தான் இருக்கும். அப்போ கியர் மாத்துறதுன்னா என்ன? சக்கரத்தோட பக்கவாட்டுல கட்டை கட்டையா சில முட்டுகள் இருக்கும். மெக்கானிக்குகள் 'டாக்'னு சொல்வாங்க. ஒரு ஃபோர்க் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டுப் போய், இதோட டாக்கை அதோட டாக்குல பூட்டும். ரெண்டு கை விரலையும் கோத்து இறுக்கிப் பிடிச்சுக்கிற மாதிரி. விரல் முழுசா கோத்தா, எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. நுனி விரல் மட்டும் மாட்டியிருந்தா, லேசா இழுத்தாலே நழுவிடும்.

கத்திப்பாராவுல நழுவினது அந்த நுனி விரல்தான். ஏன் நுனி மட்டும் மாட்டியிருந்துச்சுங்கிறதுதான் கேள்வி.

திருவொற்றியூர்

இப்போ மெட்ராஸுக்கு வருவோம். சுதந்திரத்துக்கு அப்புறம் இங்க மெட்ராஸ் மோட்டார்ஸ்னு ஒரு நிறுவனம் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி பண்ணி வித்துக்கிட்டிருந்தது. 1950களின் தொடக்கத்துல இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்களை வாங்கத் தொடங்குது. எல்லை ரோந்துக்கு உறுதியான வண்டி வேணும்.

அதே நேரத்துல டெல்லியில கொள்கை மாறிக்கிட்டிருக்கு. வெளிநாட்டுல இருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்க பூட்டி விக்கிறது மட்டும் போதாது, படிப்படியா இங்கேயே செய்யணும்னு அரசாங்கம் சொல்லுது. 1953ல வந்த தீர்வை ஆணையத்தின் அறிக்கை இதுல ஒரு முக்கியமான திருப்பம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவுக்குள்ள இந்தியாவுல கடையை மூடிட்டுக் கிளம்பினதுக்கு இதுதான் பின்னணி.

கிளம்பாதவங்க கூட்டு சேர்ந்தாங்க. 1955ல ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகுது. 1956ல திருவொற்றியூர்ல தொழிற்சாலை. பக்கத்துல எண்ணூர்ல அசோக் லேலண்ட். வடசென்னை ஒரு இயந்திர ஊரா மாறின காலம் அது. முதல் வருஷம் திருவொற்றியூர்ல பூட்டின வண்டிகள் மொத்தம் 163தான். பாகங்கள் எல்லாம் பெட்டி பெட்டியா இங்கிலாந்துல இருந்து வந்தது. 1957ல பாகங்களைச் செய்யும் கருவிகளையே விலைக்கு வாங்கிட்டாங்க. 1960களின் தொடக்கத்துல முழு வண்டியும் இங்கேயே தயாராகுது.

அப்புறம் ஒரு விசித்திரம் நடக்குது. பிரிட்டன்ல அந்தப் புல்லட்டை 1962ல நிறுத்திட்டாங்க. 1967ல ரெடிட்ச் தொழிற்சாலையே மூடிடுச்சு. 1970ல அங்கே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தியே முடிஞ்சுபோச்சு. தாய் செத்துப்போச்சு, பிள்ளை திருவொற்றியூர்ல வளருது. 1977ல இங்கே செஞ்ச புல்லட்டை பிரிட்டனுக்கே ஏற்றுமதி பண்ற அளவுக்கு.

வளருதுன்னு சொன்னேன். வடிவத்துல பெருசா வளரலை. லைசென்ஸ் ராஜ்ஜியம். போட்டி கம்மி. வண்டிக்குப் பணத்தைக் கட்டிட்டுக் காத்திருந்த காலம். மாத்தணும்ங்கிற அவசரம் யாருக்கும் இல்லை. அதனால 1949ல வடிவமைச்ச கியர் பெட்டி, சின்னச் சின்ன மாற்றங்களோட, அரை நூற்றாண்டு அப்படியே ஓடுச்சு. என் மாமா 1981ல வாங்கினது, அடிப்படையில அவர் அப்பா காலத்துக் கியர் பாக்ஸ்.

இதை வச்சுக்கிட்டு, இப்போ என் பெட்டியைத் திறக்கலாம்.

வண்ணாரப்பேட்டையில ஒரு லேத்

ஒரு நண்பர் சொல்லி பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு பெரியவர்கிட்ட போனேன். வயசு எழுபதுக்கு மேல. ஒரு லேத், ஒரு பெஞ்ச், ஒரு வைஸ். போர்டு கிடையாது. "ஐயா, கியர் விழுது"ன்னேன். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லலை. நியூட்ரல்ல போட்டு, பின்சக்கரத்தைக் கையால சுத்திக்கிட்டே ஒவ்வொரு கியரா விரலால போட்டுப் பார்த்தார். "நாலு தப்பு இருக்கு தம்பி. மூணு இப்பவே தெரியுது. நாலாவது திறந்தாத்தான் தெரியும்"னார்.

அந்த நாலு தப்பையும் ஒண்ணொண்ணா சொல்றேன். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

முதல் தப்பு: ஒளிச்சு வச்ச கோளாறு

ஆரம்ப காலத்து மோட்டார் சைக்கிள்ல பெட்ரோல் டேங்க் பக்கத்துல கையால தள்ளுற கியர் லீவர் இருந்தது. 1920களின் இறுதியில வெலோசெட் கம்பெனியோட ஹரோல்ட் வில்லிஸ் ஒரு அமைப்பைக் கொண்டுவந்தார். கால்ல ஒரு மிதி மிதிச்சா ஒரே ஒரு கியர் மாறும். காலை எடுத்தா லீவர் பழைய இடத்துக்கே வந்துடும். இன்னிக்கு உங்க வண்டியில கியர் மாறுறதும் இந்த முறையிலதான்.

புல்லட்ல இந்த ராட்செட் அமைப்பு பெட்டியோட வெளிக் கவருக்குள்ள இருக்கு. லீவர் எவ்வளவு தூரம் போகணும்னு ஒரு தகடு முடிவு பண்ணும். அந்தத் தகட்டைத் தளர்த்தி லேசா நகர்த்தி செட் பண்ணலாம். பாகங்கள் தேயத் தேய, இதை நகர்த்திச் சரிக்கட்டலாம்ங்கிறது நல்ல யோசனை.

என் வண்டியில என்ன பண்ணியிருக்காங்க? ரெண்டாவது கியர் சரியா விழலைன்னு தகட்டை ஒரு ஓரத்துக்கு நகர்த்தி வச்சிருக்காங்க. ஒர்க்‌ஷாப் வாசல்ல ஓட்டிப் பார்க்கிறப்போ எல்லாக் கியரும் விழுந்துச்சு. பளு ஏறினதும் விட்டுடுச்சு. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுட்டு, ஏன் காய்ச்சல்னு பார்க்காம விட்ட கதை.

இங்கேயே அந்த வலது கால் விஷயத்தையும் சொல்லிடறேன். பிரிட்டிஷ் வண்டிகள்ல பெரும்பாலும் வலது பக்கம்தான் கியர். 1970களின் நடுவுல அமெரிக்கா தன் நாட்டுல விக்கிற எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் இடது பக்கம் கியர்னு விதி போட்டது. உலகம் மெதுவா அந்தப் பக்கம் சாஞ்சுது. நம்ம ஊர்ல 1984, 85ல ஜப்பான் கூட்டோட 100 சிசி வண்டிகள் வந்தப்போ ஒரு தலைமுறையே இடது கால்ல கியர் பழகிடுச்சு. உள்ளூர்ல ஓடின புல்லட் மட்டும் 2000கள் வரைக்கும் வலது பக்கமே இருந்தது. அந்த மேம்பாலத்துல என் கால் செஞ்ச தப்புக்கு இத்தனை வருஷ வரலாறு இருக்கு. அதுக்காக என் பொறுப்பு குறையாது. பழகாத வண்டியில அம்மாவை ஏத்திக்கிட்டு மேம்பாலம் ஏறினது நான்தான்.

ரெண்டாவது தப்பு: தோல் உரிச்ச இரும்பு

கவரைக் கழட்டினதும் பெரியவர் ஒரு சக்கரத்தை எடுத்து என் கையில குடுத்தார். "டாக்கோட முனையைத் தடவிப் பாரு." தடவினேன். ஒரு முனை கத்தி மாதிரி கூர்மையா, பளிச்சுன்னு இருந்தது. புதுசு மாதிரி.

"புதுசு இல்லை. கிரைண்டர் போட்டிருக்காங்க"ன்னார்.

கியர் சக்கரத்தைச் செய்யுறப்போ, வெட்டி முடிச்ச பிறகு சூட்டுல வச்சு மேல்தோலை மட்டும் கெட்டியாக்குவாங்க. உள்ளே கொஞ்சம் மென்மையா இருக்கும், அதிர்ச்சியைத் தாங்கணும்ல. மேலே ஒரு மெல்லிய கெட்டித் தோல், தேய்மானத்தைத் தாங்க. தேஞ்சு உருண்டுபோன டாக்கை கிரைண்டர்ல தேய்ச்சுக் கூர்மையாக்கினா, பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்தக் கெட்டித் தோல் போயிடும். உள்ளே இருக்கிற மெத்து இரும்பு சில நூறு கிலோமீட்டர்லேயே மறுபடி உருண்டுபோகும். டாக் உருண்டுபோனா, எஞ்சின் இழுக்கிற வேகமே ரெண்டு சக்கரத்தையும் தள்ளிப் பிரிச்சுடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பற்றாக்குறையில இருந்து. உதிரிபாகம் கிடைக்காத காலத்துல தேய்ச்சு, நிரப்பி, வெல்டு வச்சு ஓட்டினதுதான் நம்ம பட்டறைகளோட பெருமை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல புது சாமான் கிடைக்கலைன்னா புதுப்பேட்டையில பழசு தேடணும். அங்கேயும் இல்லைன்னா லேத்துக்குப் போகணும். அந்தத் திறமையை நான் குறை சொல்லலை. பெரியவரும் அந்தக் காலத்துல டாக் தேய்ச்சவர்தான். "தேய்ப்போம். ஆனா ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்தான் ஓடும், வந்ததும் மாத்திடுங்கன்னு சொல்லித்தான் அனுப்புவோம்"னார்.

ஆபத்துக்குக் கண்டுபிடிச்ச வழி, இன்னிக்கு 22,000 ரூபாய் பில்லுல 'ஓவர்ஹால்'ங்கிற பேர்ல வருது. இன்னிக்குப் புது சக்கரம் கிடைக்கும். தேய்க்க வேண்டிய கட்டாயமே இல்லை.

மூணாவது தப்பு: அங்குலமும் மில்லிமீட்டரும்

லே ஷாஃப்ட் சுத்துறது வெண்கல புஷ்ல. புஷ் புதுசாத்தான் போட்டிருந்தாங்க. ஆனா ஷாஃப்டை உள்ளே விட்டு ஆட்டினா, ஆடுது. பெரியவர் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்துட்டுச் சிரிச்சார். "மில்லிமீட்டர் ரீமர் ஓட்டியிருக்கான்."

இது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. இந்தப் பெட்டியோட மூல வரைபடம் அங்குலத்துல போட்டது. இந்தியா மெட்ரிக் முறைக்கு மாற சட்டம் போட்டது 1956ல. பாருங்க, திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்த அதே வருஷம். நாடு கிலோகிராமுக்கும் மீட்டருக்கும் போயிடுச்சு, இந்தப் பெட்டி அங்குலத்துலேயே நின்னுடுச்சு. ஒரு உதாரணம் சொல்றேன். 5/8 அங்குலம்னா 15.875 மில்லிமீட்டர். கையில இருக்கிற 16 மில்லிமீட்டர் கருவியை ஓட்டினா 0.125 மில்லிமீட்டர் கூடுதல். ஒண்ணு ரெண்டு தலைமுடி தடிமன்தான். ஆனா அந்த இடைவெளியில ஷாஃப்ட் சாயும். ஷாஃப்ட் சாஞ்சா, அதுமேல இருக்கிற சக்கரமும் சாயும். டாக்கும் டாக்கும் நேருக்கு நேர் நிக்காது. நுனி விரல் கதை மறுபடி வருது.

ஒரே மாதிரி தெரியுற உதிரிபாகம் பல கைகள்ல இருந்து வந்ததும் இதுல சேரும். பழைய இறக்குமதிச் சாமான், திருவொற்றியூர்ல செஞ்சது, வெளியில சின்னப் பட்டறைகள்ல செஞ்சது. எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள போகும். ஒவ்வொண்ணையும் அளந்து பார்த்து, ஜோடி சேர்த்துப் பூட்டணும். பழைய மெக்கானிக்குகளுக்கு இது கையில இருந்த அறிவு. எந்தப் புத்தகத்துலயும் எழுதி வைக்கலை.

நாலாவது தப்பு: நல்ல கிரீஸ், தப்பான இடம்

பெட்டி முழுக்க கெட்டியான கிரீஸ். சக்கர பேரிங்குக்குப் போடுற வகை. பார்க்கச் சுத்தமா, நிறைய இருந்தது.

இந்தப் பெட்டியில மெல்லிசா எண்ணெய் மட்டும் ஊத்தினா கசியும். கிக்கர் ஷாஃப்ட் வழியா ஒழுகும். பழைய புல்லட் நின்ன இடத்துல ஒரு கறை இருக்குமே, அதுல இதுக்கும் ஒரு பங்கு. அதனால அந்தக் காலத்துல இருந்தே வழிஞ்சு ஓடுற மாதிரி இளகின கிரீஸும் எண்ணெயும் கலந்து போடுவாங்க. 'கிரீஸ் போடணும்'ங்கிற பாதி விஷயம் மட்டும் காதுவழி வந்து சேர்ந்திருக்கு. எந்தக் கிரீஸ்ங்கிற மீதிப் பாதி வரலை. கெட்டி கிரீஸ் என்ன பண்ணும்? சக்கரம் சுத்தின வேகத்துல ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கும். திரும்பி வராது. பல்லும் புஷ்ஷும் காய்ஞ்சே ஓடும். ரெண்டு வாரத்துல புதுப் புஷ்ல கீறல் விழுந்ததுக்குக் காரணம் இது.

இந்த நாலுல எதுவும் பழைய வண்டியோட குணம் இல்லை. நாலுமே போன வருஷம் செஞ்ச தப்பு.

அறிவு எங்கே அறுந்தது

அப்போ அந்த ஒர்க்‌ஷாப் பசங்க ஏமாத்துக்காரங்களா? எனக்கும் முதல்ல அப்படித்தான் கோபம் வந்துச்சு.

வரலாற்றைப் பார்த்தா வேற ஒண்ணு தெரியுது. 1994ல ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை வாங்குது. 2000 வாக்குல புல்லட்டையே மூடிடலாமாங்கிற நிலைமை. அங்கிருந்து மீண்டு வந்தாங்க. 2000கள்ல அஞ்சு கியர் பெட்டி வருது, கியர் இடது பக்கம் போகுது. அந்தப் பத்தாண்டு முடியுறப்போ எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கிற புது அமைப்பு வந்து, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெறுது. வண்டி நல்லாச்சு, அதுல சந்தேகம் இல்லை. ஆனா அம்பது வருஷமா ஒரே பெட்டியைத் திறந்து மூடிக்கிட்டிருந்த கைகளுக்கு வேலை போச்சு. வேலை இல்லாத இடத்துல கத்துக்க யார் வருவாங்க? பெரியவர்கிட்ட கடைசியா ஒரு பையன் வேலை கத்துக்கிட்டது பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அந்தப் பையன் இப்போ உணவு டெலிவரி பண்றார்.

அப்புறம்தான் பழைய புல்லட் மேல ஆசை திரும்பி வந்தது. விலை ஏறுச்சு. பெயின்ட், குரோம், தையல் போட்ட சீட், எல்லாத்துக்கும் ஆள் இருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்கு மட்டும் ஆள் இல்லை. நடுவுல ஒரு தலைமுறை விட்டுப்போச்சு. நான் உட்பட நம்ம எல்லாரும் வெளியே பளபளன்னு இருந்தா போதும்னு காசு குடுத்தோம். பில்லைப் பார்த்தேனே தவிர, கழட்டின பழைய பாகங்களைக் காட்டுங்கன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்கலை.

என்ன முடிவு பண்ணினேன்

பெரியவர் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு, அஞ்சு கியர் பெட்டியை மாட்டிடலாம். பழைய எஞ்சின்ல பலர் அப்படி மாத்திக்கிறாங்க. சுலபம், பாதுகாப்பு. ரெண்டு, இதையே முறையா செய்யலாம். நாள் ஆகும்.

"எது நல்லது ஐயா?"ன்னு கேட்டேன். "தினம் ஓட்டுறதுன்னா அஞ்சு கியர் போட்டுக்கோ. மாமா வண்டியா வச்சுக்கணும்னா இதைச் செய்யலாம்"னார். ரெண்டாவதைத்தான் சொன்னேன்.

மூணு வாரம். 14,000 ரூபாய். ஜோடியா புதுச் சக்கரங்கள், வளைஞ்சிருந்த ஃபோர்க்குக்குப் பதிலா வேற, அளந்து ரீமர் போட்ட புஷ். கடைசியா, கவரை இறுக்கின பிறகு ஷாஃப்டை என் கையால சுத்தச் சொன்னார். தடங்கல் இல்லாம சுத்துச்சு. அப்புறம்தான் அந்தத் தகட்டை செட் பண்ணினார். முதல்ல செய்யக்கூடாத வேலை அது. எல்லாம் சரியான பிறகு கடைசியா செய்யுற வேலை.

தேய்ச்ச சக்கரத்தை எடுத்துக்கிட்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பணம் திரும்பி வரலை. சண்டை போட்டேன், பிரயோஜனம் இல்லை. ஆனா என் பெட்டியைப் பூட்டின பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும், சக்கரத்தை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் கிளம்புறப்போ வாசல் வரைக்கும் வந்து, "அந்த ஐயா அட்ரஸ் குடுக்கிறீங்களா சார்?"ன்னு கேட்டான். குடுத்தேன். அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்துட்டுப் போனதா பெரியவர் சொன்னார். மூணாவது வாரம் வரலை. அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கும்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு வண்டி இருந்தா, நான் கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன். கழட்டின பழைய பாகங்களைக் கையில வாங்குங்க. எதை மாத்தினாங்க, எதைத் தேய்ச்சாங்கன்னு நேரடியாக் கேளுங்க. என்ன கிரீஸ், என்ன எண்ணெய்னு பில்லுல எழுதச் சொல்லுங்க. வாசல்ல ஓட்டிப் பார்த்துட்டு வாங்காதீங்க. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஏத்தத்துல, ஒவ்வொரு கியர்லயும் ஆக்சிலரேட்டர் குடுத்து, தனியா ஓட்டிப் பாருங்க. சில நூறு கிலோமீட்டர் கழிச்சுப் பழைய எண்ணெயை இறக்கி, அதுல இரும்புத் துகள் இருக்கான்னு பாருங்க. முக்கியமா, எல்லாம் சரியாகுற வரைக்கும் பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க.

அம்மா போன மாசம்தான் மறுபடி ஏறினாங்க. நான் கூப்பிடலை, அவங்களே கேட்டாங்க. கத்திப்பாரா வழியா போகலை, சுத்திக்கிட்டுத்தான் போனோம். மூணாவது கியர்ல இன்னும் மெல்லிசா ஒரு ஊளை இருக்கு. புதுச் சக்கரம் பழகப் பழகக் குறையும்னு பெரியவர் சொல்றார். அதைக் கேட்டுக்கிட்டேதான் ஓட்டுறேன்.

உங்க வீட்டு மெக்கானிக், லேத்துக்காரர், டைலர், கையில மட்டும் அறிவை வச்சிருக்கிற யாராவது இருந்தா, அவங்களைப் பத்தி எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.